சதுப்பு வளைவில் ஒரு கை

அத்தியாயம் 14

சென்ற வாரம் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோன டிரைவர், அதற்கப்புறம் வேளாவேளைக்கு ஒழுங்காகத்தான் சாப்பிடுகிறார். வாசகர்கள் கவலைப்பட வேண்டாம். மச்சினனோடுதான் பேச்சுவார்த்தை இல்லை.

ஒரே வீட்டில் இரண்டு ஆண்கள் பேசாமல் இருந்தால் நடுவில் அகப்பட்ட பெண்ணுக்குத்தான் வாய் வலிக்கும். டிரைவருக்கு மனைவியும் மச்சினனுக்கு அக்காவுமான மானேஜரம்மாவுக்கு வலித்தது.

"அக்கா, வண்டி நேரத்துக்குக் கிளம்புமான்னு மாமாகிட்ட கேளு."

மாமா அதே மேஜையில், கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்து ரொட்டியை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார்.

"கிளம்பும்னு சொல்லு."

"கிளம்புமாம்" என்றாள் மானேஜரம்மா. "ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன டெலிபோன் எக்ஸ்சேஞ்சா? நேரா பேசினா வாயில இருக்கற முத்து உதிர்ந்துடுமா?"

முத்து இரண்டு வாயிலும் பத்திரமாக இருந்தது. தம்பி எழுந்து கைகழுவினான். போகிற போக்கில் சுவரில் லேசாகச் சாய்ந்திருந்த காலண்டரை நேராக்கிவிட்டுப் போனான். எங்கே எது கோணலாக இருந்தாலும் அவனுக்குப் பொறுக்காது. தண்டவாள வேலைக்காரர்கள் அவனுக்கு ரசமட்டம் என்று பெயர் வைத்திருந்தார்கள். அவனுடைய மாமாவுக்கு அவர்கள் வைத்த பெயர் நிதானம். இரண்டு பெயரும் மானேஜரம்மாவுக்குத் தெரியும். தனக்கு என்ன பெயர் என்று மட்டும் அவள் கேட்டுக்கொண்டதில்லை.

அவளுடைய அப்பா ஆரம்பித்த சரக்கு ரயில் கம்பெனி இது. காகித ஆலையிலிருந்து ஜங்ஷன் வரைக்கும் ஒற்றைத் தண்டவாளம். அப்பா காலத்தில் காகித உருளைகள் முழுவதும் இதில்தான் போயின. பிறகு கட்டைகள் உளுத்தன, ஜல்லி சேற்றில் புதைந்தது, வண்டி நடக்க ஆரம்பித்தது. நடக்கிற வண்டிக்கு எந்த ஆலை காத்திருக்கும்? பெரும்பாலான சரக்கு லாரிக்குப் போய்விட்டது. இன்றைக்கு மூடுவோம், நாளைக்கு மூடுவோம் என்று இழுத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் தண்டவாளப் பொறியாளராகத் தம்பி வந்து சேர்ந்தான்.

"நோய் வண்டிக்கு இல்லக்கா, தண்டவாளத்துக்கு. காசு போடறதா இருந்தா அதுல போடு. வேற எதுல போட்டாலும் தண்டம்" என்றான்.

அவள் போட்டாள். குடியிருந்த வீட்டை விற்றாள். ஜங்ஷன் பக்கத்து நிலத்தை விற்றாள். அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி மானியம் வாங்கினாள். புது இரும்பு, கான்கிரீட் கட்டை, லோடு லோடாகப் புது ஜல்லி. குடும்பம் இப்போது ஆலை வாசலில் சரக்கு ஆபீசின் மேலே இரண்டு அறைகளில் இருக்கிறது. கீழே என்ஜின் உறுமினால் மேலே அலமாரியில் டம்ளர்கள் நகரும். வீட்டை விற்றபோது டிரைவர் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. அப்படிப்பட்டவரைத்தான் தம்பி சென்ற வாரம், வேலைக்காரர்கள் நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடும்போது, "மாமாவுக்கு வேகம்னாலே பயம்" என்று சொல்லிவிட்டான். தட்டு நகர்ந்தது.

இன்றைக்குப் பரீட்சை, புதுத் தண்டவாளத்தில் முழு வேகத்தில் முதல் ஓட்டம். காகித ஆலையின் சரக்குப் பொறுப்பாளர் என்ஜினிலேயே ஏறி வரப்போகிறார். துறைமுகத்துக்குப் போகும் மெயின் லைன் கூட்ஸ் ஜங்ஷனைவிட்டுக் கிளம்புவதற்குள் உருளைகள் போய்ச் சேர்ந்தால் ஆலையின் சரக்கு திரும்ப ரயிலுக்கு. சேராவிட்டால் லாரி ஒப்பந்தம் பல வருஷத்துக்கு நீளும். அப்புறம் இந்தப் புதுத் தண்டவாளத்தின் நடுவில் ஆடு மேய்க்கலாம்.

ஆலை வாசலில் வண்டி தயாராக நின்றது. பொறுப்பாளர் மானேஜரம்மாவைவிட வயதில் இளையவர். எப்போதும் கன்னத்தில் ஒரு பெப்பர்மின்ட் ஒதுங்கியிருக்கும் என்பதால் லாரிக்காரர்கள் அவரைப் பெப்பர்மின்ட் மேடம் என்பார்கள். என்ஜின் ஏணியில் கைகொடுக்கப் போன மானேஜரம்மாவை வேண்டாமென்று தலையாட்டிவிட்டுத் தானே ஏறினார்.

"நான் ரயில் விரோதி இல்லைங்க. எனக்கு உருளை போய்ச் சேரணும், அவ்வளவுதான். லாரி கொண்டுபோனா லாரி, யானை கொண்டுபோனா யானை."

"யானையைவிட நாங்க கொஞ்சம் வேகம், மேடம்" என்றாள் மானேஜரம்மா. டிரைவர் சிரித்த மாதிரி இருந்தது.

கிளம்புவதற்கு முன் அவள் வழக்கம்போல லெவல் கிராசிங் கேட்டுக்குப் போன் செய்து, "வண்டி கிளம்பிடுச்சு" என்றாள். வழக்கம்போல கேட் கீப்பரும் "சரிம்மா" என்றார்.

வண்டி கிளம்பியது. அப்புறம் நடந்தது வழக்கம் போல இல்லை.

பழைய தண்டவாளத்தில் ஒவ்வொரு இணைப்பும் தடக் என்று குரல் கொடுக்கும். எந்த இணைப்பு எந்தத் தொனியில் கத்தும் என்று டிரைவருக்கு அத்துப்படி. இப்போது எல்லாம் பற்றவைத்த ஒரே இரும்பு. வண்டி சத்தம் போடாமல் வழுக்கிக்கொண்டு போனது. ஆலைக் குடியிருப்பு பின்னால் போனது, தண்ணீர்த் தொட்டி பின்னால் போனது. தன் கணவர் இந்த வேகத்தில் ஓட்டி மானேஜரம்மா பார்த்ததே இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் இளமையாகக்கூடத் தெரிந்தார். இதையெல்லாம் வேலை நேரத்தில் கவனிக்கக் கூடாது என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

அந்தச் சந்தோஷம் லெவல் கிராசிங் வரைக்கும் நீடித்தது.

கேட் அகலத் திறந்து கிடந்தது. ஒரு டிராக்டர் சாவகாசமாகக் கடந்துகொண்டிருந்தது. பின்னால் நாலைந்து சைக்கிள்கள். சிக்னல் சிவப்பில் இருந்ததால் டிரைவர் ஹாரன் அடித்தபடி முன்கூட்டியே பிரேக்கைப் போட்டு, கேட்டுக்கு வெகுமுன்னாலேயே வண்டியை நிறுத்தினார். கேட் கீப்பர் அறையிலிருந்து ஓடிவந்தார். ஒரு கன்னம் பளபளவென்றிருந்தது. மறு கன்னத்தில் சோப்பு நுரை.

"அம்மா, நீங்க இப்பத்தானே போன் பண்ணீங்க?"

"ஆமாங்க. இப்பத்தான் வந்துட்டோமே."

பாவம், அவர் மேல் குற்றமில்லை. போன் வந்தால் ஒரு முழு ஷேவிங்குக்கு நேரம் இருக்கும் என்பது இந்தத் தண்டவாளத்தின் வெகுநாளைய சட்டம். சட்டம் மாறிவிட்டது என்று சொல்லியிருக்க வேண்டியவள் மானேஜரம்மாதான். மலை போலக் கட்டையும் இரும்பும் வாங்கத் தெரிந்தவளுக்கு, போனை முன்னாலேயே செய்யத் தோன்றவில்லை. முகம் சுட்டது அவளுக்கு.

"தினமும் இப்படித்தானா?" என்றார் பெப்பர்மின்ட் மேடம்.

"இல்ல மேடம். தினமும் இவர் முழுசா ஷேவ் பண்ணி முடிச்சுடுவார்."

மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நாளைக்கு?"

"நாளைக்குப் போன் முன்னாடியே வரும். தப்பு என்னோடது."

கேட் மூடியது, வண்டி நகர்ந்தது. இழந்த நேரத்தைப் பிடித்துவிடலாம் என்ற நம்பிக்கை அவளுக்கு இருந்தது. இனி ஜங்ஷன் வரைக்கும் கேட் கிடையாது. நடுவில் இருப்பது சதுப்பு வளைவு ஒன்றுதான். தம்பி தன் முழு வித்தையையும் காட்டியிருக்கும் இடம் அது. கோரை மண்டிய ஈரத்தில் அடிமண்ணைத் தோண்டி எடுத்து, துணி விரித்து, கல் நிரப்பி, அதன்மேல் தண்டவாளம் போட்டிருக்கிறான். வண்டி முழு வேகத்தில் அதைக் கடப்பதைக் கண்ணால் பார்க்க, டிராலியில் முன்னாலேயே போய், தோய்த்த சட்டை போட்டுக்கொண்டு வேலைக்காரர்களோடு காத்திருந்தான்.

தூரத்தில் அவன் கையை உயர்த்துவது தெரிந்தது. மானேஜரம்மாவும் ஜன்னல் வழியாகக் கையை உயர்த்தினாள்.

வண்டியின் வேகம் குறைந்தது.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. கோரை தனித்தனிப் புல்லாகத் தெரிய ஆரம்பித்த பிறகுதான் புரிந்தது. திரும்பிப் பார்த்தாள். டிரைவரின் இடது கை பிரேக்கில் இருந்தது. வண்டி நடந்துகொண்டிருந்தது, பழையபடி.

"டிரைவர் சார், ஏன் மெதுவாப் போறீங்க?" என்று கேட்டார் மேடம்.

"நான் எங்கங்க மெதுவா..." என்று ஆரம்பித்தவர் கீழே பார்த்தார். வேறு யாருடைய கையோ அங்கே இருக்கிற மாதிரி தன் கையையே பார்த்தார். அவர் முகத்தில் ரத்தம் வற்றிப்போனதை மானேஜரம்மா பார்த்தாள்.

அதற்குள் தம்பி வண்டியோடு கூடவே நடந்து, ஏணியைப் பிடித்துத் தொற்றி ஏறிவிட்டான். பேச்சுவார்த்தை இல்லை என்பதையே மறந்துவிட்டான்.

"என்ன மாமா இது? ஆமை பின்னாடி வந்து ஹாரன் அடிக்கும். என் தண்டவாளம் மேல அவ்வளவுகூட நம்பிக்கை இல்லையா?"

டிரைவர் பிரேக்கை விட்டார். வண்டி வேகம் பிடித்தது. ஜங்ஷன் வரைக்கும் அந்த என்ஜின் அறையில் பெப்பர்மின்ட் கடிபடும் சத்தம் மட்டும்தான் கேட்டது.

தெய்வாதீனமாக மெயின் லைன் கூட்ஸ் நின்றுகொண்டிருந்தது. அதன் கார்டு கொடியைக் கையில் எடுத்துவிட்டிருந்தார். மானேஜரம்மா பிளாட்பாரத்தில் ஓடியே போய் அவரிடம் கெஞ்சினாள். கொக்கி மாட்டி, குழாய் இணைத்து, வேகன்களை ஒப்படைத்து முடித்த கையோடு அந்த வண்டி கிளம்பிவிட்டது. மயிரிழையில் தப்பிய பிழைப்பு. தம்பி பெருமூச்சு விட்டான்.

மேடம் மட்டும் மானேஜரம்மாவைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் தனியாகக் கூட்டிப்போனார்.

"தண்டவாளம் அருமையா இருக்கு. குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா அந்த வளைவுல நடந்தது எனக்குப் பிடிக்கல. இன்னைக்குப் பிழைச்சோம். ஒரு மழை நாள்ல பிழைப்போமா? துறைமுகத்துல கப்பல் எனக்காக நிக்காது."

"என்ன செய்யணும், சொல்லுங்க."

"டிரைவரை மாத்துங்க. மாத்தினா சரக்கு உங்களுக்கு."

மானேஜரம்மா குழாயை மூடினாள். சொட்டியது. இன்னும் இறுக்கி மூடினாள்.

"அவர் என் வீட்டுக்காரர்."

மேடத்தின் கன்னத்தில் பெப்பர்மின்ட் அசையாமல் நின்றது. "எனக்குத் தெரியாது. மன்னிச்சுக்கங்க. ஆனா தெரிஞ்சிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன்."

"கேட்ல வண்டி நின்னது என் தப்பு. என்னை மாத்தச் சொல்லலையே நீங்க?"

"நீங்க ஒரு போன்ல அதைச் சரிபண்ணிடுவீங்க. கை அப்படி இல்லையே."

அவளுக்குக் கோபம் வந்தது, கூடவே பயமும் வந்தது. விற்ற வீடு நினைவுக்கு வந்தது. வீடு போனபோதுகூட இவ்வளவு வலிக்கவில்லை. இந்தத் தண்டவாளம் இல்லாமல் கம்பெனி இல்லை, சரி. இந்த மனிதர் இல்லாத என்ஜினை அவளால் நினைத்துப்பார்க்க முடியவில்லை. அதே சமயம் மேடம் சொன்னதில் பொய் இல்லை என்பதும் தெரிந்தது. அதுதான் அவளை அதிகமாகச் சுட்டது.

மறைத்து வைத்துப் பழக்கமில்லாதவள். நேராக என்ஜினுக்குப் போனாள். டிரைவர் ஏணிப்படியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தம்பி நின்றுகொண்டு, பேசுவதா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருந்தான்.

"என்னை மாத்தச் சொல்லிட்டாங்களா?" என்றார் அவளைப் பார்த்ததும்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நானா இருந்தாலும் அதைத்தான் சொல்வேன்."

"அக்கா, யாரை மாத்தணுமாம்?" என்றான் தம்பி. அக்காவின் முகத்தைப் பார்த்தான். அவனுக்கே விளங்கிவிட்டது.

டிரைவர் இடது கையை மடியில் திருப்பிப் போட்டுப் பார்த்துக்கொண்டார்.

"நீ அப்ப வெளியூர்ல படிச்சுக்கிட்டிருந்தே. சதுப்புல மூணு வேகன் சாஞ்சுது. ஆளுக்கு ஒண்ணும் ஆகல. ஆனா அதுங்க சேத்துல இறங்கினது இருக்கே, ரொம்ப மெதுவா இறங்குச்சு. தூக்க ஆளுங்க வர்ற வரைக்கும் நான் அங்கயே நின்னு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டிருந்தேன். அதுலேர்ந்து அந்த இடம் வந்தா கை தானாப் போயிடும். தலை, போகாதேன்னு சொல்லும். கை கேக்காது."

"இதை ஏன் மாமா என்கிட்ட சொல்லல?"

"கேட்டியா?"

தம்பி காலடியில் கோணலாகக் கிடந்த ஒரு ஜல்லியைக் காலால் நேராக்கினான்.

"அதுக்கப்புறம் ஒரு வேகன்கூட அங்க விழல" என்றாள் மானேஜரம்மா. "அந்த அழுகின தண்டவாளத்துல இத்தனை வருஷம் கம்பெனியைத் தாங்கிப் பிடிச்சது இந்தக் கைதான். அதை யார் குறை சொன்னாலும் நான் கேக்க மாட்டேன்."

"நான் பயம்னு சொன்னது தப்பு மாமா" என்றான் தம்பி.

"பயம்னு சொன்னது தப்பில்லடா. நாலு பேர் முன்னாடி சொன்னதுதான் தப்பு."

ஒரு வாரப் பிணக்கு அந்த ஒரு வாக்கியத்தில் தீர்ந்தது. இதற்குத்தான் இத்தனை ரொட்டி அமைதியாக நனைந்ததா என்று மானேஜரம்மாவுக்கு எரிச்சலாகவும் நிம்மதியாகவும் இருந்தது.

அவள் திரும்பிப் போய் மேடத்திடம், "திரும்பற வண்டியிலும் எங்ககூட வாங்க. பார்த்துட்டு முடிவு சொல்லுங்க. நீங்க என்ன சொன்னாலும் கட்டுப்படறேன்" என்றாள்.

மேடத்துக்கு ஆலைக் கார் வந்து காத்திருந்தது. காரைப் பார்த்தார், என்ஜினைப் பார்த்தார். கார் டிரைவரைக் கையசைத்து அனுப்பிவிட்டு வந்து ஏறினார்.

காலி வேகன்களோடு வண்டி புறப்பட்டது. தம்பியும் உள்ளேதான் இருந்தான். வெயில் தணிந்து காற்று நன்றாக வந்தது. கோரை தூரத்தில் பச்சையாகத் தெரிய ஆரம்பித்தது.

"இங்க வா" என்றார் டிரைவர். அலுவலக நேரத்தில் அவர் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. எல்லார் முன்னாலும் மானேஜர் என்றுதான் சொல்வார்.

போனாள். அவர் இடது கையை நீட்டினார்.

"இந்தக் கையைப் பிடிச்சுக்கோ. சதுப்பு தாண்டற வரைக்கும் விடாதே."

"ஏங்க, அவசரம்னு ஒண்ணு வந்தா?"

"பிரேக்குக்கு வலது கை எட்டும். அது என் பேச்சைக் கேக்கும். இதுதான் கேக்காது."

அவள் மேடத்தைப் பார்த்தாள். மேடம் இவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், கண்ணை எடுக்கவில்லை. தம்பிக்கு மட்டும் ஜன்னலுக்கு வெளியே கிடந்த ஜல்லியின் மேல் திடீரென்று அக்கறை வந்துவிட்டது.

பிடித்தாள். இரண்டு கையாலும் பிடித்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வெளியிடத்தில் அவர்கள் கைகோத்ததில்லை. சாலையைக் கடக்கும்போதுகூட அவர் முன்னால் போவார், இவள் பின்னால் போவாள்.

வண்டி சதுப்பு வளைவில் நுழைந்தது. அவர் கை இழுத்தது. கடைத்தெருவில் பொம்மையைப் பார்த்த குழந்தை இழுக்குமே, அந்த மாதிரி. அவர் கண் எதிரே தண்டவாளத்தில்தான் இருந்தது. அவர் இழுக்கவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. அவள் அந்தக் கையைத் தன் இடுப்போடு சேர்த்து இறுக்கினாள். இன்னொரு முறை இழுத்தது. அப்புறம் அடங்கியது.

வேகம் குறையவில்லை. கோரை பச்சைக் கோடாக ஓடியது. கரையோரம் நின்ற வேலைக்காரர்கள் தொப்பியைக் கழற்றி ஆட்டினார்கள். தண்டவாளம் அசையவில்லை, முனகவில்லை. தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றான். யாரும் கேட்கவில்லை.

அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. சரக்கு வந்தாலும் வராவிட்டாலும் போகட்டும் என்று சொல்லுமளவுக்குச் சந்தோஷம். அப்படிச் சொல்லக் கூடாது, மானேஜர் இல்லையா, அதனால் சொல்லவில்லை.

"தாண்டியாச்சு. விடலாம்" என்றார் அவர்.

"விடறேன்" என்றாள். கொஞ்சம் கழித்துத்தான் விட்டாள்.

மேடம் கைப்பையைத் திறந்து ஆளுக்கு ஒரு பெப்பர்மின்ட் கொடுத்தார். அவர் அதை யாருக்கும் கொடுத்து லாரிக்காரர்கள் பார்த்ததில்லை. லெவல் கிராசிங்கில் கேட் நேரத்துக்கு மூடியிருந்தது. இரண்டு கன்னமும் மழமழக்க கேட் கீப்பர் விறைப்பாக நின்று கொடி காட்டினார்.

ஆலை வாசலில் இறங்கியதும் மேடம் சுற்றி வளைக்கவில்லை.

"சரக்கு தர்றேன். இவரே ஓட்டட்டும்."

மானேஜரம்மா வாயைத் திறப்பதற்குள், "முழுசாக் கேளுங்க" என்று கையைக் காட்டினார். "இது என் அளவுல. ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட வேண்டியவர் எங்க முதலாளி. அடுத்த வாரம் வர்றார். நான் உட்கார்ந்த இடத்துல அவர் உட்காருவார். அன்னைக்கு உள்ள டிரைவரும் அவரும் மட்டும்தான். உங்க கை அங்க இருக்காது, மானேஜர். அன்னைக்கு வளைவுல வண்டி நடந்துச்சுன்னா நான் பேசியும் பிரயோஜனம் இருக்காது."

"சரி" என்றாள் மானேஜரம்மா. வேறென்ன சொல்ல முடியும்?

மேடம் போனார். என்ஜின் சத்தம் அடங்கியது. தம்பி ஒரு கல்லில் உட்கார்ந்து பூட்சைக் கழற்றிக்கொண்டிருந்தான். டிரைவர் ஏணியில் இறங்கி வந்து அவன் முன்னால் நின்றார்.

"பூட்சைப் போடு. இன்னொரு டிராலியை எடு."

"எதுக்கு மாமா?"

"அந்தத் தண்டவாளத்தை நான் என்ஜின் மேலேர்ந்துதான் பார்த்திருக்கேன். ஒருநாள்கூட மிதிச்சுப் பார்க்கல. வெளிச்சம் போறதுக்குள்ள சதுப்புக்குப் போய் ஒரு கோடியிலேர்ந்து மறு கோடிக்கு நடக்கணும். அடியில என்ன போட்டிருக்கேன்னு ஒவ்வொரு அடிக்கும் எனக்குச் சொல்லு. அலுக்காமச் சொல்லுவியா?"

"விடிய விடியச் சொல்றேன்" என்றான் தம்பி. அவிழ்த்த கயிற்றை அவசர அவசரமாகக் கட்டினான்.

மானேஜரம்மா ஆபீஸ் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அவர்களோடு கிளம்பினாள். டிரைவர் நின்றார்.

"நீ வராதே."

"ஏன், நான் நடக்க மாட்டேனா?"

"நடப்பே" என்றார். தம்பிக்குக் கேட்காத மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீ பக்கத்துல இருந்தா நான் கையை நீட்டிடுவேன்."